தரையிறங்கும்போது முன்சக்கரம் முறிந்தது: மகளின் விமானி உரிமம் போய்விடுமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். வெளிமாநிலத்தில் விமானிப் பயிற்சி பெறும் அவருடைய மகள், மூன்றாவது முறையாகத் தனியே பறந்து செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தைத் தரையிறக்கியபோது, அது துள்ளி விழுந்து, முன்சக்கரம் முறிந்து, மூக்கில் சுழலும் விசிறியான புரொப்பல்லர் ஓடுதளத்தில் மோதியிருக்கிறது. மகளுக்குக் காயமில்லை. விஷயம் வெளியே போனால் உரிமமே கிடைக்காது என்று சொல்லி, பழுதுச் செலவு முழுவதையும் கட்டும்படி பள்ளி கேட்பதோடு, வெற்றுத் தாளில் மகளிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. இதற்கிடையில், டெல்லியில் ஆள் இருப்பதாகச் சொல்லும் ஏஜென்ட் ஒருவர், மூன்று லட்சம் கொடுத்தால் கோப்பை மூடித் தருவதாகப் பேசுகிறாராம். மகள் இனி விமானியாக முடியுமா என்பது தந்தையின் கேள்வி.

முடியும். தரையிறங்கும்போது ஒரு முறை தவறியதற்காக ஒருவருடைய விமானி வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. சில காலம் தனியே பறக்க விடமாட்டார்கள். பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து திருத்தப் பயிற்சி கொடுப்பார். பிறகு மீண்டும் தனியே அனுப்புவார்கள். நடந்ததும் புதிதாகக் கற்பவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறுதான். இறங்கும் வேகம் கொஞ்சம் கூடினால் விமானம் தரையைத் தொட மறுத்து மிதக்கும். பொறுமையிழந்து அதை அழுத்தி இறக்கினால் துள்ளும். துள்ளிய பதற்றத்தில் மூக்கை மேலும் தாழ்த்தினால் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்பே முன்சக்கரம் தரையில் மோதும். நம் சேலம் விமான நிலையத்தின் காமலாபுரம் ஓடுதளம் ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுடையது; இத்தகைய விமானம் இறங்கி நிற்க அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். ஆகவே அழுத்தி இறக்க எந்த அவசியமும் இல்லை. துள்ளினால் முழு விசை கொடுத்து மேலெழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்குவதே முறை. அதைத் தயங்காமல் செய்யும் அளவுக்குப் பழக்கிவிட்டுத்தான் தனியே அனுப்பினார்களா என்பதைப் பயிற்றுநரிடம் கேட்க வேண்டும்.

தங்கள் மகளுக்கு ஆபத்து, நடந்ததை மறைப்பதில்தான் இருக்கிறது. தனியே பறக்கும் மாணவர், அந்தப் பறப்பில் சட்டப்படி விமானத்தின் பொறுப்பு விமானி. விபத்தை 24 மணி நேரத்துக்குள் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், ஏஏஐபி எனப்படும் விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் தெரிவிக்கும் கடமையை விமான விபத்துப் புலனாய்வு விதிகள் முதலில் அந்தப் பொறுப்பு விமானிமீதுதான் சுமத்துகின்றன. வெளியே சொல்லாதே என்று வாய்மொழியாகச் சொன்ன பள்ளி, நாளை கேள்வி வந்தால் மாணவி எங்களிடமே சொல்லவில்லை என்று கைகழுவிவிடலாம். கெடு தாண்டியிருந்தாலும் இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். புலனாய்வின் நோக்கம் மறு விபத்தைத் தடுப்பதே தவிர, யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்று விதியே சொல்கிறது. வேகம், காற்று, துள்ளிய பின் செய்தது, செய்யத் தவறியது ஆகியவற்றை மகள் தன் சொற்களிலேயே எழுதட்டும்; பள்ளி எழுதிக் கொடுப்பதில் கையெழுத்திட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் பள்ளிகள் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். சேதம் புரொப்பல்லர், இறக்கை நுனி, டயர், பிரேக், ஆன்டெனா, சிறு நசுங்கல்கள் போன்றவற்றோடு நின்றுவிட்டால், அது சட்டத்தின் பொருளில் விபத்து ஆகாது. உடனே, புரொப்பல்லர் மட்டும்தானே என்பார்கள். ஆனால் இந்த வகை விமானத்தில் முன்சக்கரத்தின் தூண், எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள உலோகச் சுவரில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. முன்சக்கரம் முறியும் அளவு அடி விழுந்தால் அந்தச் சுவர் நெளிந்திருக்க வாய்ப்பு உண்டு. நெளிந்திருந்தால் அது கட்டமைப்புச் சேதம், ஆகவே விபத்து. அதைப் பொறியாளர் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். பள்ளி மேலாளர் நாற்காலியிலிருந்து சொல்ல முடியாது. சுவர் நெளியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது நிகழ்வு என்ற கணக்கில் டிஜிசிஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டியதாகவே இருக்கும். மேலும், சுழன்றுகொண்டிருந்த புரொப்பல்லர் தரையில் மோதிய எஞ்சினைப் பிரித்துச் சோதிக்காமல் மீண்டும் பறக்க விடக்கூடாது. மறைத்தால் அந்தச் சோதனையும் மறைந்துபோகும்; அடுத்து அதில் ஏறுவதும் யாரோ ஒருவருடைய பிள்ளைதான்.

ஏஜென்ட் மூடித் தருவதாகச் சொல்லும் கோப்பு எங்கும் இல்லை. தெரிவிக்கப்படாத விபத்துக்குக் கோப்பே கிடையாது. தெரிவிக்கப்பட்டதன் கோப்பை வெளியாள் மூட முடியாது. உரிம விண்ணப்பங்கள் இப்போது டிஜிசிஏ-வின் இணையத் தளமான இ-ஜிசிஏ-வில் மாணவரின் சொந்தக் கணக்கிலேயே நடக்கின்றன. அதன் கடவுச்சொல்லை இவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இதே ஆட்கள் அடுத்ததாக, பறக்காத மணிகளை, பறந்த நேரத்தைப் பதியும் ஏடான லாக்புக்கில் எழுதி, வணிக உரிமத்துக்கு வேண்டிய 200 மணியைச் சீக்கிரம் காட்டித் தருவதாகவும் வருவார்கள். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் 2011-இல் கைதானார்கள். அந்தத் தாள்களைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் தரகர்கள். வேலையையும் உரிமத்தையும் இழந்தவர்கள் விமானிகள்.

இத்தகைய ஆட்களுக்குச் சந்தை இருப்பதற்கு நம் அமைப்பும் ஒரு காரணம். இறுதி அறிக்கையை 12 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சர்வதேச நெறி. இங்கே அது எவ்வளவு இழுக்கும் என்று யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. மாணவி எப்போது மீண்டும் பறக்கலாம் என்று கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடும். இரண்டு வரிப் பதில் ஒன்று உரிய நேரத்தில் வந்தால், மூன்று லட்சம் கேட்க அஸ்தம்பட்டிக்கு ஆள் வரமாட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை, சேர்க்கை ஒப்பந்தத்தையும் விமானக் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். மாணவர் ஏற்க வேண்டிய தொகை என்று ஒப்பந்தத்தில் ஏதேனும் இருந்தால் அது மட்டுமே தங்கள் கணக்கு. காப்பீட்டு நிறுவனத்திடம் போனால் விபத்து அறிக்கை கேட்பார்கள் என்பதால், மறைக்க விரும்பும் பள்ளி முழுச் செலவையும் பெற்றோர் தலையில் கட்டப் பார்க்கும். மகளின் லாக்புக், பயிற்சிப் பதிவேடு, அன்று தனியே பறக்கப் பயிற்றுநர் கையெழுத்திட்ட அனுமதி ஆகிய மூன்றையும் பக்கம் விடாமல் இன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட வெற்றுத் தாளைத் திருப்பித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால், இந்தத் தேதியில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது என்ற விவரத்தையும் டிஜிசிஏ-வுக்கு எழுதும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.