வீடு நகரல, கவுண்டிதான் நகர்ந்துச்சு

அன்புள்ள சார்,

நான் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அமெரிக்கர் ஒருத்தர் அவங்க வம்சாவளி சார்ட்டை காட்டினார். அவங்க முப்பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தது பொறந்தது 1774, அகஸ்டா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), வர்ஜீனியா. அடுத்தது 1777, யோகோகேனியா கவுண்டி, வர்ஜீனியா. கடைக்குட்டி 1782, வாஷிங்டன் கவுண்டி, பென்சில்வேனியா. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஏன் சார் இப்படி ஊர் ஊரா அலைஞ்சாங்க? யாருமில்லாத காடுதானே, ஒரே எடத்துல இருந்திருக்கலாமே. அந்த யோகோகேனியா வேற மேப்லயே இல்ல.

கா.

அன்புள்ள கா.,

அவங்க அலையவே இல்லைனுதான் நினைக்கிறேன். மூணு பிள்ளையும் ஒரே குடிசையில பொறந்திருக்கலாம், தலைக்கு மேல கவுண்டி பேருதான் மாறிக்கிட்டே இருந்துச்சு.

அகஸ்டாவை சட்டத்துல உண்டாக்கினது 1738, கோர்ட் கூடுனது 1745. கிழக்க ப்ளூ ரிட்ஜ் மலை, மேற்க வர்ஜீனியா எதுவரைக்கும் உரிமை கொண்டாடுச்சோ அதுவரைக்கும், அதாவது மிசிசிப்பி ஆறு வரை பேப்பர்ல ஒரே கவுண்டி! தலைமையிடம் ஸ்டான்டன் (ஸ்பெல்லிங்ல ஒரு 'யு' இருக்கும், ஊர்க்காரங்க அதை கண்டுக்க மாட்டாங்க). பத்திரம், வழக்கு எல்லாத்துக்கும் மலை தாண்டி அங்கதான் போகணும். அதனாலதான் ஆளு சேர சேர வெட்டிக்கிட்டே வந்தாங்க. 1770ல பாட்டடாட் கவுண்டியை பிரிச்சப்ப அந்த சட்டத்துலயே, மிசிசிப்பில போய் சேர்ற ஆத்தங்கரையில இருக்கறவங்களுக்கு கோர்ட் ரொம்ப தூரம், சீக்கிரமே தனி கவுண்டி ஆயிடுவாங்க, அதனால கோர்ட்டும் ஜெயிலும் கட்ட அவங்ககிட்ட வரி கேக்காதீங்கன்னு எழுதி வச்சாங்க. பொறக்கும்போதே விவாகரத்து தேதி குறிச்ச மாதிரி. சொன்ன மாதிரியே 1772ல ஃபின்காஸில் கவுண்டி வந்துச்சு, 1776 முடியறப்ப அதுவும் மூணா உடைஞ்சு காணாமப் போச்சு.

உங்க ஏரியா கதை இன்னும் சிக்கல். மேசன், டிக்சன்னு ரெண்டு சர்வேயருங்க பென்சில்வேனியாவோட தெற்கு எல்லைக்கோட்டை போட்டுக்கிட்டே வந்தவங்க 1767 அக்டோபர்ல டங்கார்ட் கிரீக் கிட்ட நின்னுட்டாங்க, கூட வந்த இரோக்வா பழங்குடி ஆளுங்க இதுக்கு மேல வர மாட்டோம்னுட்டாங்க. மிச்ச கோடு 1784லதான் முடிஞ்சுது. நடுவுல உங்க ஏரியாவை பென்சில்வேனியா 1773ல எங்க வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டின்னுச்சு, வர்ஜீனியா அது எங்க அகஸ்டான்னுச்சு. 1774ல வர்ஜீனியா ஆளுங்க பென்சில்வேனியா நீதிபதிங்க மூணு பேரையே புடிச்சு ஸ்டான்டனுக்கு அனுப்பிட்டாங்கன்னா பாத்துக்கோங்க. 1776ல அந்த மேற்குப் பகுதியை வர்ஜீனியா மூணு கவுண்டியா பிரிச்சதுல ஒண்ணுதான் உங்க யோகோகேனியா. 1780ல ரெண்டு மாநிலமும் ஒப்பந்தத்துக்கு வந்ததும் அதோட பெரும்பகுதி பென்சில்வேனியாவுக்குப் போயிடுச்சு, கடைசில கவுண்டியே இல்லாமப் போச்சு. வாஷிங்டன் கவுண்டி வந்தது 1781.

"யாருமில்லாத காடு"ன்னு எழுதினீங்க பாருங்க, அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். அங்க டெலவேர், ஷானி பழங்குடி மக்கள் இருந்தாங்க, வேட்டையாடினாங்க. 1768ல ஸ்டான்விக்ஸ் கோட்டையில அந்த நிலத்தை பிரிட்டிஷ்காரங்களுக்கு எழுதிக் கொடுத்தது இரோக்வா கூட்டமைப்பு, காசு வாங்கினதும் அவங்கதான். ஷானிங்க சம்மதிக்கவே இல்ல, 1774ல வர்ஜீனியாவோட சண்டையே வந்துச்சு. அந்த மூத்த பிள்ளை பொறந்த அதே வருஷம்.

நண்பருக்கு ஒண்ணு சொல்லுங்க. கோடு நகர்ந்தாலும் பழைய பேப்பர் கூடவே நகராது, அதனால 1774க்கு முந்தின வழக்கு, பத்திரம் எதுனாலும் ஸ்டான்டன்ல தேடட்டும், அங்க 1745லேர்ந்து கோர்ட் புக்கு இருக்கு. அப்புறம் ரெண்டு மாநிலமும் போட்ட அந்த 1780 ஒப்பந்தத்துல, யார் முதல்ல நிலம் வாங்கினாங்களோ அவங்களுக்கே உரிமை, எந்த மாநிலத்துல வாங்கியிருந்தாலும் சரின்னு ஒரு ஷரத்து உண்டு. அதனால பென்சில்வேனியா நிலத்துக்கு வர்ஜீனியா சர்டிஃபிகேட் கிடைச்சா, தப்பான பேப்பர்னு தூக்கிப் போட்டுடாதீங்கன்னு சொல்லுங்க.