தம்பிக்கு என்று கேட்ட பாதி சாண்ட்விச்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். எச்-4 விசா, வேலை அனுமதி உண்டு. இந்தக் கோடையில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு கொடுக்கும் இடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். போன வாரம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி பாதி சாண்ட்விச்சை நாப்கினில் சுற்றிக்கொண்டு, "வீட்டில் இருக்கும் தம்பிக்கு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திட்டினார். அன்றைக்கே நேரம் முடிந்ததும், மிஞ்சிய பதினோரு பெட்டிகளை என் கையாலேயே குப்பையில் போடச் சொன்னார். என் அம்மா கடலூர் பக்கம் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் இதைச் சொன்னதும், "சோத்தக் குப்பையில கொட்டுற வேலைக்காடி அவ்வளவு தூரம் போன?" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா? இன்னொன்று, என் ஆறு வயது மகனை அங்கே கூட்டிப் போகலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்:

விடாதீர்கள். குறைந்தது இந்தக் கோடை முடியும் வரைக்கும் விடாதீர்கள். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும் வேலை இது. பாதியில் போனால் அந்த இடத்துக்குப் புதிதாக வருபவருக்கு அந்தப் பெண்ணையும் தெரியாது, அவள் தம்பியையும் தெரியாது.

மேற்பார்வையாளர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு. பிள்ளைகள் முன்னால் ஒருவரைத் திட்டினால், அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் தட்டைத் தொடவே பயப்படுவார்கள். அதைத் தனியாக அவரிடம் சொல்லுங்கள். ஆனால் விதி என்னமோ அவர் சொன்னதுதான். எந்தப் பிள்ளையும் வந்து சாப்பிடக்கூடிய நகரத்துத் ‘திறந்த மையங்களில்’ பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாநிலமும் உணவை நடத்தும் அமைப்பும் அனுமதித்தால் பழமோ காய்கறியோ ரொட்டி வகையோ ஒன்றே ஒன்றை வெளியே கொண்டுபோகலாம். இறைச்சியும் சீஸும் வைத்த சாண்ட்விச் அந்தக் கணக்கில் வராது. டெக்சாஸ் வெயிலில் ஒரு நாப்கினுக்குள் அது எத்தனை நேரம் தாங்கும் என்பதையும் யோசியுங்கள். 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே ஏறினால் கெட்டுப்போகத் தொடங்கும் சாப்பாடு என்றுதானே குளிர்பெட்டியில் வெப்பமானியை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

இதில் பணம் எப்படி வருகிறது என்று யாராவது உங்களுக்கு உட்கார வைத்துச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி நாளில் போஸ்டரை எங்கே மாட்டுவது, கையை எப்படிக் கழுவுவது என்பதோடு முடிந்திருக்கும். இது அமெரிக்க வேளாண்துறையின் கோடை உணவுத் திட்டம். 1968-ல் சோதனையாகத் தொடங்கி 1975-ல் தனித் திட்டமானது. டெக்சாஸில் மாநில வேளாண்துறை பார்த்துக்கொள்கிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பாதிப்பேருக்காவது பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி இருந்தால், அங்கே திறந்த மையம் வைக்கலாம். 18 வயது வரை யார் வந்தாலும் தட்டு உண்டு. பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், விசா கேள்வி வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாக அரசு கேட்பது ஒன்றுதான்: தட்டு பிள்ளையின் கைக்குப் போகும் அந்த நொடியில் தாளில் ஒரு எண்ணை அடிக்க வேண்டும். அந்த ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 5 டாலர், உணவை நடத்தும் அமைப்புக்குத் திரும்பி வருகிறது. கோடு தப்பாகப் போட்டாலோ, பால், பழம், காய், ரொட்டி, புரதம் என்று எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாடாகக் கொடுக்காவிட்டாலோ, குறித்த நேரத்துக்கு வெளியே கொடுத்தாலோ அந்தச் சாப்பாட்டுக்குக் காசு இல்லை. திரும்பத் திரும்ப நடந்தால் மையத்தையே மூடிவிடுவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு இது ஒரே வரியில் புரியும். தலைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து போட்ட காலத்தில், வருகைப் பதிவேடும் அரிசி இருப்பும் ஒத்துப்போகாத நாளில் அமைப்பாளருக்கு எப்படி வேர்த்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில் விதிகளைத் தளர்த்தி, பெற்றோர் வந்தே பெட்டிகளை வாங்கிப் போகலாம் என்று விட்டார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் அதில்தான் சாப்பிட்டன. அதே சமயத்தில் மினசோட்டாவில் ‘ஃபீடிங் அவர் ஃபியூச்சர்’ என்ற அமைப்பைச் சுற்றி, இல்லாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டதாகக் கணக்கெழுதி 25 கோடி டாலர் சுருட்டியதாக 2022-ல் அரசு வழக்குப் போட்டது. அதன் தலைவியை 2025-ல் நடுவர் குழு குற்றவாளி என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் தாளில் விழும் ஒவ்வொரு கோட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எவனோ செய்த திருட்டுக்கு எட்டு வயதுக் குழந்தை நாப்கினைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த விதியில் உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால், கிராமப்புறங்களில் மையம் தூரமாக இருந்தால் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், வீட்டு வாசலிலேயே கொண்டுபோயும் கொடுக்கலாம். நகரத்தில் மட்டும் கூடாதாம். நகரத்து அம்மா இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கினால் அந்த வீட்டுக்கும் நூலகம் தூரம்தானே? இதை மாற்றுவது வாஷிங்டன் வேலை. அதுவரை உங்கள் கைக்கு எட்டுவதைப் பார்ப்போம்.

முதலில் அந்தத் தம்பி. அவனுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா? இரண்டு வயது ஆனாலும் மூன்று ஆனாலும் அவனும் பிள்ளைதான். அவனுக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு, அக்காவின் பாதி சாண்ட்விச் தேவையில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் மட்டும் மேலே கேட்டுவிட்டுத்தான் கொடுக்க முடியும். ஆக, அவன் ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி. அம்மா தூங்குகிறாளா, ஆறு வழிச் சாலையைத் தள்ளுவண்டியோடு கடக்க முடியவில்லையா, அல்லது "பெரியவர்களுக்கு அங்கே இடமில்லை" என்று யாராவது சொல்லிவிட்டார்களா? அம்மாவுக்குத் தட்டு கிடைக்காது, உண்மை. ஆனால் கூட வந்து உட்காரத் தடையில்லை. இதை அந்தப் பெண்ணிடமே சொல்லி அனுப்பாதீர்கள், பாதி வழியில் மறந்துவிடுவாள். அம்மா ஒரு நாள் அழைத்துப் போக வரும்போது, மற்ற பிள்ளைகள் காதில் விழாமல் நீங்களே பேசுங்கள். பக்கத்தில் உணவு வங்கி எந்தக் கிழமை திறக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். சிறு குழந்தை இருப்பதால், தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு உதவி தரும் ‘விக்’ என்ற அரசுத் திட்டத்துக்குத் தகுதி இருக்கலாம், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோடையில் சாப்பாட்டுச் செலவுக்கென்று பிள்ளைக்கு 120 டாலர் அரசு கார்டில் வருமாமே என்று அவள் கேட்டால், டெக்சாஸில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். பல மாநிலங்கள் 2024-லிருந்து கொடுக்கின்றன. இங்கே 2025-ல் சட்டமன்றம் அதற்காக ஒதுக்கிய 6 கோடி டாலரை ஆளுநர் கிரெக் அபாட் வெட்டிவிட்டார்.

அம்மாவால் வரவே முடியாது என்றால், அவர்கள் இருக்கும் குடியிருப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வேனில் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குடியிருப்பு வாசலில் நிறுத்தி, அங்கேயே மரத்தடியில் உட்காரவைத்துக் கொடுக்கும் அமைப்புகள் நிறைய உண்டு. "இந்த முகவரியில் பதினைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் பல வேன்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பள்ளி நாளில் இலவச மதிய உணவு சாப்பிடும் பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஒருவர் அளவில்தான் கோடை உணவுக்கு வருகிறார்கள் என்று, பசி ஒழிப்புக்காக ஆய்வு செய்யும் ‘ஃப்ராக்’ அமைப்பு வருடா வருடம் எழுதிவந்தது. மிச்ச ஆறு பேர் பசியில்லாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

இப்போது பதினோரு பெட்டிக்கு வருவோம். உங்கள் அம்மா கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போவது ஒன்றரை மணிக்கு முடிவானதில்லை. முந்தின நாள் யாரோ "நாளைக்கு நாற்பது" என்று ஆர்டர் சொன்னபோதே முடிவாகிவிட்டது. அந்த யாரோ பெரும்பாலும் போன மாதக் கணக்கைப் பார்த்துச் சொல்பவர். வாசலில் நின்று முகங்களைப் பார்ப்பவர் நீங்கள். நூலகத்தில் பொம்மலாட்டம் இருக்கும் நாளில் கூட்டம் வரும், மழை நாளில் வராது, வெள்ளிக்கிழமை எப்போதும் குறையும், ஜூலை நாலை ஒட்டிய வாரத்தில் பாதிகூட வராது. இதைச் சின்ன நோட்டில் ஒரு வாரம் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்துப் பாருங்கள். திட்டு வாங்கினவர் கையிலிருந்து கணக்கு வந்தால் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, இருக்கட்டும்.

அப்படியும் மிஞ்சத்தான் செய்யும். அதற்கு வழிகள் இருக்கின்றன, உங்கள் மையத்தில் எதை அனுமதித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிரிக்காத பால், தொடாத ஆப்பிள் இவற்றைப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போக ஒரு ஷேர் டேபிள் போடலாம், பசிக்கிற இன்னொரு பிள்ளை அங்கேயே எடுத்துக்கொள்ளும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எத்தனை பேர் அந்த அட்டைப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்திருப்பீர்களே. எல்லாருக்கும் கொடுத்தபின் இரண்டாவது சாப்பாடும் தரலாம். அதில் மொத்தத்தில் 2 சதவீதம் வரைக்கும்தான் அரசு காசு தரும், மிச்சம் அமைப்பின் கைக்காசு. குளிர்சாதனப்பெட்டி இருந்தால், அமைப்பு ஒத்துக்கொண்டால், மறுநாளைக்கு வைக்கலாம். தர்ம அமைப்புகளுக்குக் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் வழக்கு வரும் என்று யாராவது பயந்தால், கொடுப்பவரைக் காப்பதற்கென்றே 1996-லிருந்து பில் எமர்சன் சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீணாகிறதே என்று ஒரு பெட்டியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். குப்பைக்குப் போவதாக இருந்தாலும்.

உங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆர்டர் நாற்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு இறங்கின அன்றைக்குப் போன் பண்ணுங்கள்.

மகனைக் கூட்டிப் போகலாமா என்றால், நூலகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் இடம், அவன் வரலாம். உங்கள் பிள்ளை என்பதால் தட்டு கிடையாது என்றும் இல்லை, இரண்டு தட்டு உண்டு என்றும் இல்லை. ஆனால் நீங்கள் பரிமாறும்போது அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும், மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் சைவம் என்றால் சீஸோ பீன்ஸோ சூரியகாந்தி விதை வெண்ணெயோ உள்ள பெட்டி எந்த நாளில் வருகிறது என்று மாத மெனுவில் பாருங்கள். வான்கோழி சாண்ட்விச் வரும் நாளில் வீட்டிலேயே தயிர்சாதம் கொடுத்துக் கூட்டிப் போங்கள், அவன் பெயரில் கோடு போட வேண்டாம்.