"நல்ல மனுசன்" என்பதற்கு மேல் பேச வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் தாத்தா பாம்பனில் வத்தை (மீன்பிடிப் படகு) வைத்துத் தொழில் பார்த்தவர். நடுவில் சில காலம் சிலோனில் இருந்தாராம். குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் பெயரும் இறந்த தேதியும் தவிர எதுவும் இல்லை. எண்பது தாண்டிய அப்பத்தாவிடம் கேட்டால், "நல்ல மனுசன், கோவக்காரரு" என்பதோடு சரி. என்ன செய்யலாம்?
— வாசகி, பாம்பன்

பதில்: தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் யாரும் குணத்தைத்தான் சொல்வார்கள். சோறு, துணி, வலை, காசு என்று கேளுங்கள். "கடலுக்குப் போகையில எதுல சோறு கட்டிக் குடுப்ப?" "வாடைக் காத்துல வடகடல் பொங்குனா வத்தையத் தென்கடலுக்குக் கொண்டு போவாரா? அங்க எங்க படுப்பாரு?" "பங்குக் காசு யார் கைக்கு வரும்?" கடைசிக் கேள்விக்குப் பழைய சண்டை ஒன்றும் சேர்ந்து வரலாம், வரட்டும், தடுக்காதீர்கள்.

வலைக்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். நைலான் வருமுன் பருத்தி நூல் வலைதான். ஈரத்தோடு குவிந்து கிடந்தால் மக்கிவிடும் என்பதால், மரப்பட்டையைக் காய்ச்சி அந்தச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவார்கள். எந்தப் பட்டை, யாரிடம் வாங்கியது, எதில் காய்ச்சியது, வேட்டியில் பட்ட கறை போனதா? வலை பின்னும் ஊசியையும் கொஞ்சம் நூலையும் அப்பத்தா கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பேச்சு தானாக வரும். அரை மணி நேரம் போதும். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனில் பதியுங்கள். கடற்காற்று மைக்கில் அடித்தால் ஒரு வார்த்தை தேறாது.

"எந்த வருசம்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார், அதுவே குடும்பத்தில் நிலைத்துவிடும். சிலோனுக்குத் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார் என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன். இராமேஸ்வரத்தில் என்றால் அதற்குப் பின். கூலியை அணாவில் சொன்னால் 1957 ஏப்ரலுக்கு முன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நயா பைசா வந்து வெகுகாலம் ஆன பிறகும் நாலணா, எட்டணா என்றுதான் பேசினார்கள்.

நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தேதியை விட முக்கியம், திருமணத்துக்குச் சாட்சி நின்றவர்கள், பிள்ளைகளின் ஞானப்பெற்றோர். தாத்தாவுக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தான். அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தாத்தா நிற்கும் போட்டோ கிடைக்கலாம். ஊரில் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டிருந்தால் பதிவேட்டில் அது இருக்காது. ஞானஸ்நானப் பெயரை முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். உப்புக் காற்றில் ஈரம் ஏறிய மேல்பூச்சு கையோடு வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே படமெடுத்துக்கொள்ளலாம். லேமினேஷன் கூடவே கூடாது.

எழுதும்போது அப்பத்தா சொன்னது, பதிவேட்டில் உள்ளது, அந்தக் காலத்துப் பொது வழக்கம் என்று மூன்றுக்கும் ஓரத்தில் தனித்தனிக் குறி போடுங்கள். இல்லையென்றால் பட்டைச் சாயம் தாத்தா காய்ச்சியதா, நான் இங்கே எழுதியதா என்று அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது.