சப்ளை செயின் படிப்பில் டிஜிட்டல் மாற்றம் எதற்கு?

"பி.காம் முடித்துவிட்டு எம்.பி.ஏ.வில் சப்ளை செயின் எடுக்கிறேன். கிடங்கு, லாரி பற்றிய படிப்பில் டிஜிட்டல் மாற்றம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாம்பர்ஸ் டயப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு டயப்பர் தேவை சீரானது. கடை விற்பனையும் பெரிதாக ஆடவில்லை. ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து, அதைத் தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. ஏன்? கடைக்காரர் 10 பெட்டி கூடுதலாக விற்றதும், எதற்கும் இருக்கட்டும் என்று 15 கேட்கிறார் என்று வையுங்கள். அதைப் பார்த்த மொத்த வியாபாரி 25 கேட்பார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது சிற்றலை பேரலையாகிவிடும். சாட்டையின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி பெரிதாக ஆடுவது போன்ற இதைத்தான் புல்விப் (bullwhip, சாட்டை) விளைவு என்கிறார்கள்.

கடையில் பில் போட்டதும் அந்த எண் ஆலைக்கும் தெரிந்தால் ஊகம் குறையும். டிஜிட்டல் மாற்றத்தின் உயிர்நாடி இதுதான். மென்பொருள் அதற்கு அப்புறம்தான். தகவலைப் பகிர எல்லோரும் முன்வராவிட்டால் அது மட்டும் போதாது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் 2018-ல் கொண்டுவந்த, சரக்குத் தகவலைப் பகிரும் டிரேட்லென்ஸ் தளத்தையே, துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்காததால் மூடுவதாக 2022-ல் அறிவித்தார்கள்.

எக்ஸெல், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழி) அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, தெரிந்த மளிகைக் கடையில் ஒரே ஒரு பொருளின் தினசரி விற்பனையையும் ஆர்டரையும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள்.