தேனீக் கேள்விகள்: பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "தேனீ ஓடிவிட்டது." அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இரண்டு பெட்டி அடுக்குத்தேனீ வாங்கித் தென்னந்தோப்பில் வைத்தேன். வாரம் ஒருமுறை திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆர்வத்தில் சில வாரங்களில் மூன்று முறைகூடத் திறந்தேன். ஆறாவது வாரம் ஒரு பெட்டி காலி. அடையில் புழுவும் கொஞ்சம் தேனும் அப்படியே இருந்தன. எறும்பு இல்லை. ஏன் போயின? மிச்சமுள்ள பெட்டியை எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கலாம்?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

"அடையில் புழு இருந்தது" என்று எழுதினீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. பூ இல்லாத பஞ்சத்தில் ஓடும் குடும்பம் நிதானமாகத் தயாராகித்தான் ஓடும். ராணி முட்டையைக் குறைத்துவிடும். இருக்கும் புழுவெல்லாம் தேனீயாகி வெளிவரும்வரை காத்திருந்து, சேர்த்த தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டுதான் கிளம்பும். பின்னால் கிடப்பது வெறும் அடை. பெற்ற புழுவைப் போட்டுவிட்டுப் போகிறது என்றால், அங்கே இருக்க முடியாத அளவுக்குத் தொந்தரவு என்று பொருள். எறும்பு இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் நீங்கள்தான். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். தொடங்கிய புதிதில் நானும் இதே தவற்றைச் செய்து இரண்டு குடும்பங்களை இழந்தவன்.

பெட்டியின் கீழ்ப்பகுதியான புழு அறைக்குள் வெப்பத்தை 33 முதல் 35 டிகிரிக்குள் வைத்திருக்கத் தேனீக்கள் இரவு பகலாக உழைக்கின்றன. குளிர்ந்தால் நெருங்கி உட்கார்ந்து சூடேற்றும்; சூடானால் வாசலில் நின்று விசிறும். நம் அடுக்குத்தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து விசிறி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை வாசல் பக்கம் வைத்து, உள்காற்றை வெளியே இழுக்கும். நின்று கவனித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நாம் மூடியைத் தூக்கும் ஒரு நொடியில் அந்தக் காற்றும் சூடும் மணமும் கலைந்துபோகின்றன. மரப்பொந்தில் குடியிருக்கப் பிறந்த பூச்சி அது. பொந்தின் கூரையை எந்த மரமும் வாரம் மூன்று முறை தூக்குவதில்லை.

இனி, திறக்காமல் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு ஒரு முக்காலியைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். பறக்கும் பாதையை மறைக்க வேண்டாம். உள்ளே போகும் தேனீக்களின் பின்னங்கால்களைப் பாருங்கள். மகரந்த உருண்டை இருக்கிறதா? தென்னந்தோப்பு என்பதால் வெளிர்மஞ்சளாக இருக்கும். மகரந்தம் மும்முரமாகப் போகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ராணியைத் தேடி ஏழு சட்டத்தையும் புரட்ட வேண்டாம்.

சாயங்காலம் பெட்டியில் காதை வைத்து, விரல் முட்டியால் ஒருமுறை மெல்லத் தட்டுங்கள். "உஸ்ஸ்" என்று ஒரே சீறலாக எழுந்து உடனே அடங்கினால் குடும்பம் நலம். அடங்காமல் முனகல்போல் நீண்டுகொண்டே இருந்தால் ராணி இல்லையோ என்று சந்தேகப்படலாம்.

அடிப்பலகையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உருவித் துடையுங்கள். இதில் சோம்பல் கூடாது. அடுக்குத்தேனீ பழைய அடையைக் கடித்துக் கடித்துக் கீழே தள்ளும். அந்த மெழுகுத் தூள்தான் அடையை அரித்துத் தின்னும் மெழுகுப்பூச்சிக்குத் தொட்டில். துடைப்பதற்கு முன் அந்தக் குப்பையைப் படியுங்கள். நடுவில் ஊசி குத்தியதுபோல் துளையுள்ள சின்னத் தொப்பிகள் கிடந்தால், ஆண் தேனீக்கள் பிறக்கின்றன. சில வாரங்களில் குடி பிரியக்கூடும், அதாவது கூட்டத்தில் ஒரு பகுதி தனிக் குடும்பமாகக் கிளம்பக்கூடும். வெள்ளைப் புழுக்கள் செத்துக் கிடந்தால், அப்போது திறந்து பாருங்கள். திறப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புது அறை ஏற்ற, தேன் எடுக்க, நோய் சந்தேகம், குடி பிரியும் பருவம். எல்லாக் காரணங்களையும் கூட்டிப் பார்த்தாலும் என் பெட்டி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏழெட்டு முறைதான் திறக்கப்படுகிறது.

காலியான பெட்டியைக் கழுவி வெயிலில் போட்டுவிடாதீர்கள். நோய் இல்லை என்பது உறுதியானால், புழு அடைகளை மட்டும் அகற்றிவிட்டு, பழைய மெழுகு மணத்தோடு ஆள் உயரத்தில் நிழலில் வையுங்கள். குடி பிரியும் பருவத்தில் ஒரு கூட்டம் தானே வந்து ஏறலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தே ஆக வேண்டுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

நம் ஊர்க்காரர் என்பதால் மனம் திறந்து சொல்கிறேன், அம்மா. நம் குமரி மாவட்டத்தில் தேன் வருவது ரப்பரில். ஜனவரியில் புதுத்தளிர் விடும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியில் மதுச் சுரப்பிகள் ஊறும்; பூவிலிருந்து வருவதல்ல. மார்ச் வரைக்கும் அந்தக் கொண்டாட்டம். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை பட்டினி. மூன்று மாதத்தில் கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுத்துவிட்டு, நான்கு மாதம் சர்க்கரைத் தண்ணீர் காட்டுவது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகரந்தத்தின் சாரமும் மணமும் கலந்த உணவை எடுத்துக்கொண்டு வெறும் இனிப்பைக் கொடுப்பது, வேலைக்காரனின் நெல்லை அளந்து வாங்கிக்கொண்டு கஞ்சித்தண்ணீர் ஊற்றுவது போன்றது.

நான் மார்ச் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறேன். புழு அறையின் தேனில் எந்த மாதமும் கை வைப்பதில்லை. மேலே ஏற்றிய தேன் அறையில் மூடிய சட்டங்களில் இரண்டு மூன்றை மழைக்கென்று விட்டுவிடுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் பெட்டிக்குப் பத்துக் கிலோ எடுக்கும்போது எனக்கு ஐந்து வந்தால் அதிகம். ஆனால் ஆடி மாத மழையில் என் பெட்டிகள் ஓடுவது அரிது. ஒவ்வோர் ஆண்டும் புதுக் குடும்பம் வாங்கும் செலவும் இல்லை.

ஒருவேளை மழை நீண்டு, பெட்டியைத் தூக்கினால் பஞ்சுபோல் இருந்தால்? அப்போது பட்டினி போடாதீர்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஆறவைத்து, இருட்டிய பிறகு உள்ளே வையுங்கள். பகலில் சிந்தினால் பக்கத்துப் பெட்டிகள் கொள்ளைக்கு வந்துவிடும். கொள்கைக்காகத் தேனீயைச் சாகவிடுவது இயற்கை முறை ஆகாது.

கேள்வி: புழுக்கள் படகுபோல் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கின்றன. எடுத்தால் தண்ணீர்ப் பைபோல் வருகிறது. என்ன மருந்து தெளிக்கலாம்?
— ஒரு வாசகர், கொடைக்கானல் கீழ்மலை

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தாய்லாந்துப் பைப்புழு நோயுடையவை. இது வைரஸ். மருந்து இல்லை, ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. விற்க வருபவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 1991, 92-இல் இந்த நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது என்னிடம் 42 பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு காலையும் அடிப்பலகை நிறையச் செத்த புழு. அள்ளிக் குழி தோண்டிப் புதைப்பதே வேலை. குமரி மாவட்டத்தில் தேனை நம்பியிருந்த எத்தனையோ வீடுகள் பெட்டிகளை விறகாக்கின. எனக்கு மிஞ்சியவை மூன்று. அந்த மூன்றுக்கும் நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அவை தாமே தாங்கி நின்றன. அவற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் இன்றுள்ள எல்லாப் பெட்டிகளும் வந்தன.

ஆகவே நோய்ப்பெட்டிச் சட்டத்தை நல்ல பெட்டியில் வைக்காதீர்கள். வலுவிழந்ததை வலுவுள்ளதோடு சேர்க்காதீர்கள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த பெட்டி. ராணியை இரண்டு வாரம் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்தினால், நோய் தொற்றப் புழு இல்லாமல் தேனீக்கள் அடையைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்கும். தாங்கி நிற்கும் குடும்பத்தைக் குறித்துவைத்து அதிலிருந்தே பெருக்குங்கள். வெளியூர்க் குடும்பங்களை மலிவாகக் கிடைக்கிறது என்று லாரியில் இறக்காதீர்கள்.

கேள்வி: அந்தக் காலத்துப் பானை முறைதானே உண்மையான இயற்கை முறை? பெட்டியே வேண்டாம் என்று நினைக்கிறேன்.
— ஒரு வாசகர், புதுக்கோட்டை

என் அப்பா பானையில் வளர்த்தவர். தேனீக்கு அது சுகமான வீடுதான். ஆனால் தேன் எடுக்கும் நாள் கொடுமையான நாள். தேனடையை அறுக்கும்போது புழு அடையும் சேர்ந்து வரும். இரண்டையும் ஒன்றாகப் பிழிவார்கள். 1910-களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் சிறிய சட்டப்பெட்டியை வடிவமைத்ததும், பிறகு மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.-வில் கிராம மேம்பாட்டுப் பணி செய்த ஸ்பென்சர் ஹேட்ச் காலத்தில் கிராமங்களுக்குப் பெட்டி போனதும் அந்தக் கொடுமையைக் குறைத்தன. அதை மறந்துவிட்டுப் பானைக்குத் திரும்புவது சரியாகப் படவில்லை.

நடுவழி ஒன்று உண்டு. நான்கு பக்கச் சட்டத்துக்குப் பதில் மேற்கட்டை மட்டும் வையுங்கள். ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 3 செ.மீ. வருமாறு கட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் உருக்கிய மெழுகால் ஒரு கோடு இழுத்தால் போதும். அச்சு பதித்த மெழுகுத்தகடு வேண்டாம்; எங்கே ஆண் அறை, எங்கே பணித்தேனீ அறை என்று அவையே முடிவுசெய்து கட்டும். அடையைப் படுக்கவைத்துத் திருப்பினால் ஒடிந்து விழும். பக்கப்பலகையில் ஒட்டியிருந்தால் நீளக் கத்தியால் கீழிருந்து மேலாக அறுங்கள். ஓரத்திலிருந்து ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று மூடிய தேனடையை மட்டும் எடுங்கள்.

கேள்வி: இத்தாலியத் தேனீ நிறையத் தேன் தருமாமே?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

தரும். நிறையத் தீனியும் இடம்பெயர்த்தலும் கேட்கும். தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியை அதனால் அவ்வளவாகத் தாங்க முடியாது. நம் அடுக்குத்தேனீதான் அந்த உண்ணியோடு தொன்றுதொட்டு வாழ்ந்து பழகியது. ஒன்றையொன்று நீவி உண்ணியைக் கடித்துப் போடும். கை வைக்காமல் வளர்க்க விரும்பினால் நம் மண்ணின் தேனீயே போதும்.

கேள்வி: பாட்டி வீட்டுச் சுவரில் கொசுத்தேனீ இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கிறோம். பெட்டிக்கு மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

கொட்டாத தேனீ அம்மா அது. வாசலில் பிசினால் ஒரு சின்னக் குழாய் கட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இருக்கும். பாட்டி காலத்திலிருந்தே இருந்தால்கூட வியப்பில்லை. மாற்ற முடியும், ஆனால் சுவரை உடைக்கும்போது முட்டை அறைகளும் தேன்குடங்களும் நசுங்கினால் எறும்பும் ஈயும் புகுந்து குடும்பமே அழியும். அந்தச் சுவர் நிற்கப்போகிறதென்றால் எதற்கு மாற்ற வேண்டும்? குழாயைச் சுற்றி ஒரு சாண் இடத்தை மட்டும் பூசாமல் விடும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். சுண்ணாம்பு அடிக்கும் நாளில் நீங்களே பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.