திருவள்ளூரில் ஆப்பிள் காய்க்குமா?

கேள்வி: திருவள்ளூர் அருகே எங்களுக்குள்ள 1 ஏக்கர் நிலத்தில் இயற்கை முறையில் ஆப்பிள் வளர்த்து, சென்னையில் நேரடியாக விற்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: ஆப்பிள் மரம் சீராகப் பூக்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் கிடைக்க வேண்டும், குறைந்த குளிரே போதும் எனப்படும் ‘அன்னா’ ரகமும் 200 முதல் 300 மணி நேரம் கேட்கும் என்பதால், மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் உங்கள் பகுதியில் அதை நம்பி முதலீடு செய்ய வேண்டாம், அம்மா. கொய்யா நடுங்கள். காய் எலுமிச்சை அளவானதும் உறையிட்டுக் கட்டினால், பழ ஈ தோலில் துளையிட்டு முட்டை வைக்க இயலாது. விடியலில் காம்போடு பறித்த பழத்தை அன்றே அண்ணா நகர், முகப்பேர் குடியிருப்புகளில் சேர்த்துவிடலாம். இயற்கை விளைபொருள் என்ற சான்றுக்கு, குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாதம்) முறையே சிறு தோட்டத்துக்கு ஏற்றது. அக்கம்பக்கத்தாரிடம் இப்போதே பேசுங்கள்.