பெயர்ப்பலகைக்கு ஸ்லாப் செரிஃப் சரிவருமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு பேக்கரி திறக்கிறோம். பழைய காலத்துத் தடித்த ஸ்லாப் செரிஃப் எழுத்து (கோடுகளின் நுனியில் கட்டை வைத்த ஆங்கில எழுத்து) எனக்கு மிகவும் பிடிக்கும். பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், கடதாசிப் பை எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா? தமிழ், சிங்களப் பெயர்களை என்ன செய்வது?

பதில்: பலகைக்குத் தாராளமாகப் போடுங்கள். விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

இந்த எழுத்து பிறந்ததே கூவி அழைக்கத்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டிகள் பெருகின. புத்தக எழுத்தின் மெல்லிய கோடுகள் தூரத்தில் எடுபடவில்லை. அதனால் கோடுகளைத் தடிப்பாக்கி, நுனிகளில் செங்கல் போலக் கட்டைகளை வைத்தார்கள். 1845-இல் லண்டன் எழுத்து வார்ப்பாளர் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் என்ற ஸ்லாப் செரிஃப் புத்தகத்துக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அங்கேயும் அகராதியின் தலைச்சொல் போல, எடுத்துக்காட்ட வேண்டிய இடத்தில் மட்டும்தான். சட்டம் அதற்குக் கொடுத்த பாதுகாப்பு மூன்றே ஆண்டு. அது முடிந்ததும் மற்ற எழுத்து வார்ப்பகங்கள் நகல் எடுக்கத் தொடங்கிவிட்டன!

பேக்கரிக்கு என் தெரிவு கிளாரண்டன் வகைதான். அதில் கட்டை எழுத்தின் நெடுங்கோட்டோடு வளைந்து சேரும், உருண்டை முனைகளும் உண்டு. பார்க்கக் கொஞ்சம் கனிவாக இருக்கும். 1934-இல் வந்த ராக்வெல் என்ற ஸ்லாப் எழுத்து ஒரே தடிப்பில் விறைப்பாக நிற்கும், ஹார்ட்வெயார் கடைக்கு நல்லது. மேல்கட்டையும் அடிக்கட்டையும் மட்டும் பெருத்த இன்னொரு வகையும் இருக்கிறது. அதைப் போட்டால் காலி வீதியில் கௌபாய் படம் ஓடுவது போல ஆகிவிடும்.

சிக்கல் தமிழில்தான். சிலர் தமிழ் எழுத்துக்கும் கட்டை ஒட்டுகிறார்கள். ட, ப சமாளிக்கும்; ழ, ஞ, ஐ போன்றவற்றுக்கு எங்கே ஒட்டுவது? அதை விட்டுவிட்டு, தடிப்பை மட்டும் பொருத்துங்கள். கூகுளின் நோட்டோ செரிஃப் எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் சிங்களமும் மிகத் தடித்த அளவு வரை இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று மொழிகளையும் ஒரே பாயிண்ட் அளவில் வைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துச் சமப்படுத்துங்கள். ஆங்கிலப் பெயர் முழுவதும் கேபிடல் எழுத்தென்றால் மேலும் கீழும் சமதளமாக முடியும். தமிழில் கொம்பும் விசிறியும் கீழ்வளைவும் நீளும், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

உயரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: 10 அடித் தூரத்துக்கு 1 அங்குலம். எதிர்ப்பக்க நடைபாதை 50 அடியில் இருந்தால் 5 அங்குலம். பலகை செய்யக் கொடுக்குமுன் பெயரை அதே அளவில் அச்சடித்து ஒட்டி, எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள்.

பழுப்புக் கடதாசிப் பையில் மை பரவும். சின்ன அளவில் ‘e’, ‘a’ ஆகியவற்றின் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும், தமிழில் ண-வுக்கும் அதே கதி. பையில் பெயரைப் பெரிதாகப் போட்டு, முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மெல்லிய சாதாரண எழுத்தில் விடுங்கள். விலைப்பட்டியலில் தலைப்புகள் மட்டும் ஸ்லாப். மாலுபாணும் (மீன் பணிஸ்) அதன் விலையும் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும்.